உள்ளூர் ஆளுக்கு ரூம் இல்லை

ஏற்காட்டில் ஒரு அரசு ஆராய்ச்சிக் கூடத்தின் கிளை இருக்கிறது. கோடையில் மாணவர்களை இரண்டு மாதத்துக்கு இன்டர்னாக எடுப்பார்கள். சேலத்தில் பயன்பாட்டுக் கணிதத்தில் எம்.எஸ்சி. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். அந்த வருடம் எங்களில் மூன்று பேர். ஒருவன் சென்னை, பெரிய கல்லூரி. ஒருத்தி மதுரை. மூன்றாவது ஆள் நான், நாகலூர். அவர்கள் இரண்டு பேருக்கும் கெஸ்ட் ஹவுசில் ஆளுக்கு ஒரு அறை கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கேட்டேன். ஆபீஸில் இருந்தவர் என் விலாசத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, நாகலூர்ல இருந்து வர்றதுக்கு ரூமா? உள்ளூர் ஆளுக்கு ரூம் இல்லை."

"சாயங்காலம் பஸ் சரியா வராதுங்க சார்."

"நடந்துடு. மலைக்காரங்களுக்கு நடக்கச் சொல்லித் தரணுமா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். சும்மா சொன்ன பேச்சுக்கு எப்படிச் சண்டை போடுவது? வெளியே வந்தேன். மெஸ்ஸிலும் அதே கதை. தங்குகிறவர்களுக்குத்தான் சாப்பாடு.

பெரிய அறையில் இரண்டு மேசைதான் இருந்தது. அதனால் என்னைக் கருவிகள் வைக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். உடைந்த மழைமானிகள், சுருட்டிய கேபிள், ஓயாமல் இரைகிற ஒரு யு.பி.எஸ். பெட்டி, அதன் பக்கத்தில் நான். ஜன்னலுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி. இரண்டு மாதம் மத்தியானச் சாப்பாட்டை அந்த மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். டப்பாவைத் திறந்ததும் எலுமிச்சைச் சாதம் மணக்கும். அந்த மணத்துக்கு எட்டிப் பார்க்கக்கூட ஆள் வராது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் காலையில் மூடுபனி இறங்கும். எதிரே வரும் பஸ் தெரியாது. நாளைக் காலை பனி இறங்குமா இறங்காதா என்று முந்தின சாயங்காலமே சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் பஸ்காரர்களுக்கும் போலீசுக்கும் முன்கூட்டியே தகவல் கொடுக்கலாம். இதற்காக அங்கே ஒரு மாடல் வைத்திருந்தார்கள். மாடல் என்றால் சில சமன்பாடுகள். வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால் நாளைக்கு உண்டு, இல்லை என்று விடை வரும். அது எந்த அளவுக்குச் சரியாகச் சொல்கிறது என்று பழைய தகவல்களை வைத்துச் சோதிப்பதுதான் எங்கள் மூன்று பேரின் வேலை.

இரண்டு மாத முடிவில் தலைமையிடத்திலிருந்து ஒரு குழு வரும். ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். மூன்று பேரில் ஒருவரை ஒரு வருடத்துக்குத் திட்ட உதவியாளராக வைத்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது அதுதான். அது கிடைத்தால் கணக்கிலேயே இருக்கலாம், பிறகு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. அப்பா நாகலூரில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது ஆள் கணக்கு எழுதுபவர். அந்த எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டரில் கணக்குப் போட ஒரு ஆள் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். அப்பா என் பெயரைச் சொல்லி வைத்திருந்தார்.

"ஜூலை வரைக்கும் பாக்கறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு சாமி. அதுக்கு மேல அவரு வேற ஆளப் பாத்துக்குவாரு."

"பாக்கட்டும்."

"அப்படிச் சொல்லாத. ஊட்டுக்குப் பக்கத்துல வேலை. யாருக்குக் கெடைக்கும்?"

எனக்குத்தான் கிடைக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் வழிகாட்டி ஒரு விஞ்ஞானி. ஐம்பது வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். குடும்பம் பெங்களூரில் இருந்தது, இவர் கெஸ்ட் ஹவுசில் ஒரு அறையில் பல வருடமாகத் தனியாக இருந்தார். பகலில் அவர் பேசவே மாட்டார். ஃபைல், மீட்டிங், தலைமையிடத்துக்குப் போன். அறைக்குள் போய் நின்றால் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "சொல்லுங்க" என்பார். சொல்லி முடித்தால் "பார்ப்போம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. எல்லோரிடமும் இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற இரண்டு பேரும் மோசமானவர்கள் இல்லை. சென்னைக்காரன் என்னை "லோக்கல்" என்று கூப்பிடுவான்.

"லோக்கல், எங்களுக்குப் பலாப்பழம் எல்லாம் கிடையாதா?"

"காசு கொடுத்தா சந்தையில கொடுப்பாங்க."

"பாரேன், வாயை. உனக்கென்ன, அம்மா சமையல். நாங்க அந்த மெஸ் சாம்பார்ல செத்துக்கிட்டு இருக்கோம்."

மதுரைக்காரி சிரிப்பாள். பிறகு இருவரும் முந்தின நாள் நடந்த எதையோ நினைத்து இன்னொரு முறை சிரிப்பார்கள். அது எனக்குப் புரியாது. என்ன என்று கேட்டால், "அது சார் நேத்து மெஸ்ல ஒண்ணு சொன்னார், இப்ப சொன்னா சிரிப்பு வராது" என்பாள். சாரா? ஜோக்கா? நம்பவில்லை. நாலரை மணி பஸ்ஸுக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான், மழை பெய்தால் அதுவும் வராது. நான் கேட்டைத் தாண்டும்போது அவர்கள் இரண்டு பேரும் டீ டம்ளரோடு படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

சனி, ஞாயிறுக்கு முந்தின நாட்களில் பஸ்ஸில் டூரிஸ்ட் கூட்டம். பனியைப் பார்த்துக் கத்துவார்கள், போட்டோ எடுப்பார்கள். நான் அதே பனியை, இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம் என்று எண்ணிக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பேன். வீட்டில் போய் இதைப் பற்றிப் பேச முடியாது. அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே, "சாப்பிட்டயா கண்ணு" என்பாள். அப்பா கேலி செய்வார்.

"மூட்டம் எறங்குமா எறங்காதான்னு கண்டுபுடிக்க இத்தன கம்ப்யூட்டரா? என்னக் கேட்டா நான் சொல்லிட்டுப் போறன்."

"சொல்லுங்க. நாளைக்கு?"

"நாளைக்கு எறங்காது. கெழக்கயிருந்து கீகாத்து அடிக்குது பாரு."

மறுநாள் முன்னால் போகிறவன் முதுகு தெரியாத அளவுக்குப் பனி. மலைக்காரர்களுக்கு வானம் அத்துப்படி என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் அப்பாவைச் சில வாரம் சோதித்துப் பார்த்தேன். அவர் காசு சுண்டிப் போட்டுச் சொல்லியிருக்கலாம். அவரிடமே சொன்னேன். "அப்ப உங்க சாரும் காசு சுண்டட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அநேகமாக அன்றைக்கு மட்டும்தான்.

ஆனால் அவர் சொன்னதில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. ஒரு மாடல் நல்லதா என்று தெரிய வேண்டுமானால், ஒன்றுமே தெரியாதவன் சொல்லும் விடையோடு அதை ஒப்பிட வேண்டும். ஒன்றுமே தெரியாதவன் என்ன சொல்வான்? நாளைக்கும் இன்றைப் போலவே என்பான். இன்று பனி இருந்தால் நாளையும் உண்டு, இன்று இல்லையென்றால் நாளையும் இல்லை. கருவி வேண்டாம், சமன்பாடு வேண்டாம். இந்த முட்டாள் விதியைப் பழைய தகவல்கள் முழுவதிலும் போட்டுப் பார்த்தேன். மாடலை விட அது கொஞ்சம் அதிகமாகவே சரியாகச் சொன்னது. எங்காவது தப்புச் செய்திருப்பேன் என்று முதலிலிருந்து இன்னொரு முறை போட்டேன். விடை மாறவில்லை.

 வருடக்கணக்கில் செய்த மாடலை ஒரு வரி ஜெயிக்கிறது. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. பெரிய அறையில் யாரும் இல்லை, மெஸ்ஸுக்குப் போயிருந்தார்கள். யு.பி.எஸ். பெட்டிதான் இருந்தது. மத்தியானத்துக்கு மேல் சார் வந்ததும் போய்ச் சொன்னேன். வரைபடத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நீங்களே போட்டதா?"

"ஆமாங்க சார்."

"ம். நல்லா இருக்கு. பார்ப்போம்."

போன் அடித்தது. எடுத்துக்கொண்டார். நான் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். மாடல் அவருடையது. பிடிக்காவிட்டால் போகட்டும், உண்மை உண்மைதான் என்று வீம்பாக இருந்தேன். வரைபடத்தைப் பெரிதாக்கினேன், அழகாக்கினேன். குழுவின் முன்னால் இதைக் காட்டினால் அந்த இடம் எனக்குத்தான் என்று நம்பினேன். சென்னைக்காரன் ராத்திரியெல்லாம் வேலை செய்கிறான் என்று மதுரைக்காரி சொன்னாள். செய்யட்டும் என்றேன்.

குழு வந்த அன்று நல்ல மழை. மூன்று பேர் வந்தார்கள், தலைவர் ஒரு வயதான அம்மையார். நான்தான் முதலில் பேசினேன். ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறினாலும் கணக்கில் தடுமாறவில்லை. கடைசியாக அந்த வரைபடத்தைப் போட்டேன். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் தமிழ்தான், நான் திணறுவதைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

"நல்ல ஒப்பீடு. எங்க ஆளுங்களே பல பேர் இதைச் செய்யறதில்லை. ஒண்ணு கேட்கிறேன். நேத்து பனி இல்லை, இன்னைக்குத் திடீர்னு இறங்குது. அந்த மாதிரி மாறுற நாள்ல உங்க விதி எத்தனை சரியாச் சொல்லும்?"

யோசிக்கவே வேண்டாம். நாளைக்கும் இன்றைப் போலவே என்று சொல்லும் விதி, மாறும் நாளில் எப்படிச் சரியாக இருக்கும்?

"பூஜ்யம்ங்க மேடம்."

"சரி. விபத்து நடக்கிறதே அந்த நாள்லதான். டிரைவர் எதிர்பார்க்காத நாள். மாடல் அந்த நாட்கள்ல எவ்வளவு பிடிக்குது?"

நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. தெரியாது என்று சொன்னேன்.  தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து சென்னைக்காரன் கையைத் தூக்கினான்.

"மேடம், அது என்கிட்ட இருக்கு."

அவன் முறை வந்ததும் காட்டினான். மாறும் நாட்களை மட்டும் தனியாகப் பிரித்து முழுக்கப் போட்டிருந்தான். மாடல் பாதியைக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் என் விதி ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லையே. அதற்காகத்தான் மாடல் வேண்டும் என்று காட்டினான். சுத்தமான வேலை. ஒப்பீடு செய்யும் யோசனை என்னுடையது என்று முதலிலேயே சொன்னான். அவனைத் திட்ட எனக்கு ஒரு காரணம்கூட அவன் வைக்கவில்லை.

டீ நேரத்தில் படியில் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சாரி லோக்கல். உனக்கும் அது தெரியும்னுதான் நினைச்சேன். நீ வேற மாதிரி காட்டப் போறேன்னு நினைச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சார் சொன்னாரே. நீ வரைபடம் கொடுத்த அன்னைக்கே மெஸ்ல. தட்டைக் கழுவக்கூட எழுந்திருக்கலை, அதையே பேசிட்டிருந்தார். உன்னைப் பத்திதான். மாறுற நாளைத் தனியாப் பார்க்கணும்னு அப்பதான் அவர் சொன்னார்."

அப்போதுதான் எனக்கு அந்த இடம் நடக்கும் விதமே புரிந்தது. பகலில் வாய் திறக்காத அந்த மனுஷன் ராத்திரி மெஸ் மேசையில் பேசுவார். தனியாக இருக்கிற ஆள், சாப்பிடும்போதுதான் அவருக்குப் பேச்சுத் துணை. கணக்கெல்லாம் அங்கேதான் நடந்தது. என் கணக்கைப் பற்றிக்கூட அங்கேதான் பேசியிருக்கிறார்கள். நான் அந்நேரம் நாகலூரில் என் வீட்டில் அம்மாவின் தையல் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன கோபம் என்றால், சதி என்று சொல்லக்கூட அதில் எதுவும் இல்லை.

நேரே சார் அறைக்குப் போனேன்.

"ஏனுங்க சார், மாறுற நாளைப் பார்க்கணும்னு என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் நிஜமாகவே குழம்பினார். "எல்லார்கிட்டயும் சொன்னேனே."

"எல்லாரும்னா யாருங்க?"

"மெஸ்ல எல்லாரும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "நீங்க ஏன் வர்றதே இல்லை? உங்களுக்கு எங்ககூட உட்காரப் பிடிக்கலைன்னு நினைச்சேன்."

"தங்கறவங்களுக்குத்தான் மெஸ்ஸுன்னாங்க. உள்ளூர் ஆளுக்கு ரூம் இல்லைன்னாங்க. நாலரை பஸ்ஸை விட்டா அடுத்தது இருட்டுன பிறகுதாங்க, மழைன்னா அதுவும் இல்லைங்க."

"நாகலூருக்கு அவ்வளவு கம்மியாவா பஸ் இருக்கு?"

அத்தனை வருடமாக அந்த மலையில் இருக்கிறார். சாலையில் பனி இறங்குவதைக் கணக்குப் போடுகிறார். அந்தச் சாலையில் எத்தனை மணிக்குப் பஸ் உண்டு என்று அவருக்குத் தெரியாது.  அழுதுவிடுவேன் என்று பயந்து வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸும் போயிருந்தது. மழையில் நடந்தேன். மலைக்காரங்களுக்கு நடக்கச் சொல்லித் தரணுமா என்று ஆபீஸ்காரர் கேட்டது வழியெல்லாம் காதில் இருந்தது.

இடம் சென்னைக்காரனுக்குப் போனது. சரியான முடிவுதான். குழுவில் நான் இருந்திருந்தாலும் அவனைத்தான் எடுத்திருப்பேன். சரியான முடிவு என்பதால் வயிற்றெரிச்சல் குறையவில்லை.

அப்பாவிடம், "மேனேஜர்கிட்டச் சொல்லிடுங்க" என்றேன். அவர் கேலி செய்யவில்லை. "சரி சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குப் போனார்.

எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்தேன். யார் எந்தப் பக்கம் கிளை வெட்டும் கவாத்துக்குப் போனார்கள், யார் வரவில்லை, எத்தனை மூட்டை உரம் வந்தது. கூட்டல் கழித்தல் தாண்டி ஒன்றும் கிடையாது. மத்தியானம் மேனேஜரின் நாய் வந்து காலடியில் படுத்துக்கொள்ளும். ஆராய்ச்சிக் கூடத்தில் அதுகூட இல்லையே என்று நினைப்பேன். என்னோடு படித்த யாருக்கும் நான் போன் செய்யவில்லை. என்ன வேலை என்று கேட்பார்கள். தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது பனி இருக்கிறதா என்று என்னை அறியாமல் பார்ப்பேன். நேற்று இல்லாமல் இன்று இருந்தால் அந்த நாள் முழுக்க மனம் கலங்கிக் கிடக்கும்.

காபிப் பழம் எடுக்கும் பருவம் பாதியில் இருக்கும்போது சார் போன் செய்தார். சென்னைக்காரன் வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்துப் போய்விட்டான். மீதி மாதங்களுக்கு அந்த இடம் காலி.

"நீங்க வர்றீங்களா?"

உடனே வருகிறேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வர்றனுங்க. ஆனா எனக்கு ரூம் தருவீங்களா?"

"அதைக் கேட்டுப் பார்த்தேன். விதி மாத்த முடியாதுங்கறாங்க."

"அப்ப கணக்கைப் பத்தி என்ன பேசறதா இருந்தாலும் நாலு மணிக்கு முன்னாடி பேசணுங்க. பகல்ல. என் மேசைகிட்ட வந்து. ராத்திரி மெஸ்ல பேசினது எனக்குக் கணக்குல வராது."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சரி," என்றார். "அது ஒண்ணும் கஷ்டமில்லையே."

போனை வைத்துவிட்டு நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஷ்டமில்லையாம். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தையில் சரியாகிற விஷயத்துக்கு நான் அத்தனை மாதம் உரமூட்டையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அங்கேதான் இருக்கிறேன். பெரிய அறையில் இடம் கொடுத்தார்கள், வேண்டாம் என்று கருவி அறையிலேயே இருக்கிறேன். மூன்று மணிக்கு மேல் சார் டீ டம்ளரோடு வருகிறார். முதல் சில நாள் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. யு.பி.எஸ். பெட்டி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இப்போது மாறும் நாட்களைப் பற்றிப் பேசுகிறோம், சில நாள் சண்டையும் போடுகிறோம். அவர் ஜோக் சொல்லி இன்றுவரை நான் கேட்டதில்லை. இன்டர்ன் பிள்ளைகள் இல்லாத காலம், ராத்திரி மெஸ்ஸில் அவர் ஒற்றையாகத்தான் சாப்பிடுகிறார் என்று சமையல்காரர் சொன்னார். என் மத்தியானச் சாப்பாடும் மிளகுக் கொடியோடுதான்.

நாலே கால் ஆனதும் அவரே கடிகாரத்தைப் பார்க்கிறார். "உங்க பஸ்" என்கிறார். நான் பாதி வாக்கியத்தில் பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். மீதியை மறுநாள் மூன்று மணிக்குத்தான் பேச வேண்டும்.